சுருள் கற்றாழை (அலோ பாலிஃபில்லா): அடி இலை காய்கிறது, நடு இறுகி மூடுகிறது. என்ன செய்யலாம்?

குன்னூர்_வீடு · ஏப்ரல் 14

எல்லோருக்கும் வணக்கம். போன நவம்பரில் பெங்களூர் நர்சரி ஒன்றில் அலோ பாலிஃபில்லா வாங்கினேன். திசு வளர்ப்பில், அதாவது ஆய்வுக்கூடத்தில் நகலெடுத்து வந்த செடி, பில்லும் கொடுத்தார்கள். வாங்கும்போது உள்ளங்கை அகலம். இப்போது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. இலை வரிசைகள் இன்னும் சுருளாகச் சுழல ஆரம்பிக்கவில்லை.

மூன்று வாரமாக அடி இலைகள் நான்கு நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்ந்துகொண்டே வருகின்றன. நடு இலைகள் விரியாமல், விரலை மடக்கி வைத்தது போல இறுகிக் கிடக்கின்றன. 6 அங்குலக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. சன்ஷேடு மேல் வைத்திருக்கிறேன். காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை வெயில். கற்றாழைதானே என்று பத்து நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர். மண்ணில் பாதி ஆற்று மணல், மீதி செம்மண்ணும் மாட்டு எருவும்.

இந்தச் செடிக்காக நான்கு வருடம் காத்திருந்தேன். இதை இழக்க மனசில்லை.

மொட்டைமாடி_சென்னை · ஏப்ரல் 14

எருதான் காரணமாக இருக்கும் அக்கா. கற்றாழைக்கு எருவே தேவையில்லை. தண்ணீரை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். என்னிடம் இருபது வகைக் கற்றாழை இருக்கிறது, எல்லாமே காயப்போட்டால்தான் நன்றாக வருகின்றன.

கோத்தகிரி_கல்கட்டு · ஏப்ரல் 14

தயவு செய்து தண்ணீரை நிறுத்தாதீர்கள். சென்னைத் தம்பி சொல்வது மற்ற கற்றாழைகளுக்குச் சரி. இதற்கு அது சரிவராது. இது பெயரில் மட்டும்தான் கற்றாழை மாதிரி, குணத்தில் மலைச்செடி.

இது உலகத்தில் இயற்கையாக வளரும் இடம் லெசோத்தோ ஒன்றுதான். தென்னாப்பிரிக்கா நாலு பக்கமும் சூழ்ந்த சின்ன நாடு. அந்த நாட்டின் மிகத் தாழ்வான இடமே கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டர் மேலே. இந்தச் செடி இருப்பது அதற்கும் மேலே, ஏறக்குறைய 2,000 முதல் 2,500 மீட்டர் வரை உள்ள செங்குத்தான எரிமலைப்பாறைச் சரிவுகளில். கோடையில் நல்ல மழை, மூடுபனி. குளிர்காலத்தில் பனி விழுந்து செடியை மூடும். பாலைவனம் அதற்குத் தெரியாது.

உங்கள் செடியின் நோய் தண்ணீர் அதிகமானதால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேர் வெந்து போயிருக்கிறது. கறுப்புத் தொட்டி, கீழே சிமென்ட், எட்டு மணி நேர வெயில். குன்னூரில் காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் தொட்டிக்குள் இருக்கும் மண் அடுப்பு மாதிரி ஆகிவிடும். இன்று மதியம் 2 மணிக்குத் தொட்டியின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் அதுதான் காரணம். வேர் சூடானால் இந்தச் செடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு நடுவை மூடிவிடும். அது தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. அடி இலையில் இருக்கும் ஈரத்தை இழுத்து நடுவைக் காப்பாற்றுகிறது, அதனால்தான் நுனி காய்கிறது.

ஒன்று மட்டும் பாருங்கள். காயும் இலையின் அடிப்பாகம் கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா? கெட்டியாக இருந்தால் பயம் வேண்டாம்.

குன்னூர்_வீடு · ஏப்ரல் 15

தொட்டுப் பார்த்தேன் சார். இரண்டு நொடிக்கு மேல் கை வைக்க முடியவில்லை. இலை அடி கெட்டியாகத்தான் இருக்கிறது, நாற்றமும் இல்லை. உடனே எடுத்து வடக்குப் பக்கத் திண்ணையில் வைத்துவிட்டேன். இப்போதே தொட்டி மாற்றலாமா?

கோத்தகிரி_கல்கட்டு · ஏப்ரல் 15

மாற்றலாம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே செடியை நான் ஒரு முறை கொன்றிருக்கிறேன்.

2016-ல் என் முதல் செடி. அதை மிக நன்றாகப் பார்த்துக்கொண்டதாக நினைத்தேன். தரையில், சமதளத்தில், நல்ல மண்ணில் வைத்தேன். கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்கு மழைதான் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். நவம்பரில் பதினோரு நாள் விடாமல் பெய்தது. இலைகளுக்கு நடுவில் கிண்ணம் போலத் தண்ணீர் நின்றது. மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தால் நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது. உள்ளே பழுப்புக் கூழ். அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் புரிந்தது. இதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும், ஆனால் நிற்கக் கூடாது, ஓட வேண்டும். லெசோத்தோவில் அது சரிவில் சாய்ந்து வளர்வதன் பயன் அதுதான். மழை இலை மேல் விழுந்து வழிந்து போய்விடும். வேர் இருக்கும் இடத்திலும் பாறை இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற தண்ணீர் வேரைக் குளிரவும் வைக்கும்.

இரண்டாவது செடியைத் தேயிலைத் தோட்டத்து ஓரம் இருக்கும் கல் கட்டில் வைத்தேன். மண் சரியாமல் இருக்க அடுக்கின பழைய கல் சுவர். மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு கல்லை எடுத்துவிட்டு, அந்தப் பொந்தில் ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்து நட்டேன். கிழக்குப் பார்த்த சுவர். காலை வெயில் முழுக்கக் கிடைக்கும், மதியத்துக்கு மேல் சவுக்கு நிழல். அதன் பிறகு எத்தனை மழை பார்த்துவிட்டது, ஒரு இலை அழுகவில்லை.

உங்களுக்குத் தொட்டி என்றால்: மண் தொட்டியாக, 10 அங்குலம். அதைவிடப் பெரிய இன்னொரு தொட்டிக்குள் இதை வைத்து, இரண்டுக்கும் இடையில் ஜல்லி போட்டு ஈரமாக வைத்தால் இன்னும் நல்லது. மண் கலவையில் பாதிக்கு மேல் கல்லாக இருக்கட்டும். பியூமிஸ் என்ற நுரை போன்ற எரிமலைக்கல் கிடைத்தால் போடுங்கள். இல்லாவிட்டால் பட்டாணி அளவு ஜல்லியும் உடைத்த செங்கலும் கரித்துண்டும் போதும். மீதிக்கு நன்றாக மக்கின இலைமண், கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவு. ஆற்று மணல் வேண்டாம், நைசாக இருப்பதால் இறுகிவிடும். செடியை ஒரு பக்கமாகச் சாய்த்தே நடுங்கள். பார்க்கக் கோணலாகத் தெரியும், பரவாயில்லை.

வேரைப் பிரிக்கும்போது கறுத்து மெத்தென்று இருப்பதை மட்டும் வெட்டுங்கள். வெளிர்மஞ்சளாக, கெட்டியாக இருப்பது நல்ல வேர். வெட்டின பிறகு இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு நடுங்கள்.

நுவரெலியா_தோட்டம் · ஏப்ரல் 16

நானும் ஒன்று வளர்க்கிறேன், இங்கே 1,868 மீட்டர் உயரம். அண்ணர் சொன்னது முழுக்கச் சரி. நான் பூச்சாடியைப் பாவித்தாலும் அடியில் ஒரு பக்கம் கல் வைத்துச் சரித்துத்தான் வைத்திருக்கிறேன். இங்கே மழையைவிட எனக்குத் தொந்தரவு நத்தைதான். இரவில் வந்து குருத்தைச் சுரண்டிவிடும், அந்தத் தழும்பு இலை பெரிதாகும்போது கூடவே பெரிதாகும். டோர்ச் எடுத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கு ஒருக்கால் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சியும் இலை இடுக்கில் ஒளிந்திருக்கும். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு நல்ல தண்ணீரால் கழுவிச் சரித்து வடியவிடுங்கோ.

மொட்டைமாடி_சென்னை · ஏப்ரல் 16

கோத்தகிரி சார், நான் சொன்னது தவறு என்று ஒத்துக்கொள்கிறேன். நல்ல வேளை அக்கா அதைச் செய்யவில்லை.

எனக்கு இந்தச் செடி மேல் ரொம்ப நாள் ஆசை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆன்லைனில் 20 விதை 900 ரூபாய் கொடுத்து வாங்கினேன். படத்தில் நீலநிறச் சுருள் கற்றாழை. முளைத்து வந்தது ஏதோ புல். விற்றவரிடமிருந்து பதிலே வரவில்லை. இப்போது இந்த இழையைப் படித்ததும் மறுபடி ஆசை வந்துவிட்டது. ஏசி அறையில், வளர்ப்பு விளக்கு வைத்து வளர்க்க முடியுமா?

கோத்தகிரி_கல்கட்டு · ஏப்ரல் 17

தம்பி, முதலில் விதை. நீல நிறத்தில் இந்தச் செடியே கிடையாது. சாம்பல் கலந்த பச்சைதான், இலை நுனி மட்டும் கருஞ்சிவப்பாக, முள் போலக் காய்ந்திருக்கும். அதன் விதை கரும்பழுப்பு, தட்டை, ஓரத்தில் மெல்லிய சிறகு மாதிரி தோல் இருக்கும். உருண்டையாகவோ பளபளப்பாகவோ இருந்தால் அது வேறு ஏதோ.

நல்ல விதை கிடைத்தாலும் புதிதாக இருக்க வேண்டும். வளர்ப்பவர்கள் பலர் செய்வது இதுதான்: ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் விதையை மிதக்கவிட்டு, 20 டிகிரி வாக்கில் வெளிச்சமான இடத்தில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றுவது. ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளையாக வேர் எட்டிப்பார்க்கும். உடனே எடுத்துக் கல் கலவைக்கு மாற்றிவிட வேண்டும். கற்றாழை விதையைத் தண்ணீரில் மிதக்கவிடுவது என்பதிலேயே அதன் குணம் தெரிந்துவிடும்.

சென்னை பற்றி மனம் நோகாமல் சொல்ல முடியுமா தெரியவில்லை. பகல் வெயிலை நிழல் வலை போட்டுச் சமாளிக்கலாம். உங்கள் ஊரில் சிக்கல் இரவுதான். மே மாதத்தில் இரவிலும் 27, 28 டிகிரி வாக்கில்தான் இருக்கும். கற்றாழை இனம் இலைத் துளைகளை இரவில் திறந்துதான் காற்றை உள்ளே வாங்கும். குளிர்ந்த இரவு இல்லாவிட்டால் இந்தச் செடிக்கு மூச்சு முட்டின மாதிரிதான். ஏசி அறையில் காற்று வறண்டு இருக்கும், வெளிச்சம் போதாது, கரண்ட் போனால் முடிந்தது. ஒரு உயிரை அப்படி வதைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அடுக்கு இலை அழகுதான் வேண்டும் என்றால் விக்டோரியா ராணி நீலக்கற்றாழை, அதாவது அகேவ் விக்டோரியா ரெஜினே, முயன்று பாருங்கள். மெக்சிகோ பாலைநிலத்துச் செடி. பச்சை இலையில் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி வெள்ளை வரிகள். உங்கள் வெயிலை அது தாங்கும்.

டர்பன்_பொறியாளர் · ஏப்ரல் 19

தாமதமாகச் சேர்கிறேன். நான் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவில் டர்பனில் ஆறு வருடமாக இருக்கிறேன். இந்தச் செடியைப் பார்க்கவே லெசோத்தோ போய் வந்தேன், அதனால் பார்த்ததை எழுதலாம் என்று தோன்றியது.

போனது ஒரு டிசம்பரில், அங்கே அது கோடை. லெரிபே பக்கமிருந்து மலை ஏறி மஃபிக்கா லிசியூ கணவாய் வழியாகக் கட்சே அணைக்குப் போகும் சாலை. கணவாய் 3,090 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட 450 மீட்டர் உயரம். மதியம் 1 மணிவரை நீல வானம், 3 மணிக்கு இடியோடு மழை, 5 மணிக்கு மறுபடி வெயில். டிசம்பரிலும் இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே நிற்க முடியவில்லை.

கட்சே அணை 185 மீட்டர் உயரம். அணை கட்டும்போது தண்ணீருக்குள் போகவிருந்த இடங்களிலிருந்து செடிகளை எடுத்து வந்து காப்பாற்ற அங்கே ஒரு தாவரவியல் பூங்கா வைத்தார்கள். அதன் சரிவில்தான் இந்தக் கற்றாழையை முதலில் நேரில் பார்த்தேன். ஒரு பாறைக்கும் இன்னொரு பாறைக்கும் நடுவே வரிசையாக, எல்லாம் பள்ளத்தாக்கைப் பார்த்து முகம் சாய்த்துக்கொண்டு. ஐந்து வரிசை இலைகள் நடுப்புள்ளியிலிருந்து வெளியே சுழன்று வருவதை எத்தனை படத்தில் பார்த்திருந்தாலும் நேரில் அது வேறு. நான் அரை மணி நேரம் ஒரே செடி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெரிய செடி 80 செ.மீ. அகலம் வரும். பக்கத்துப் பக்கத்துச் செடிகள், ஒன்று கடிகாரச் சுற்றில், ஒன்று எதிர்ச்சுற்றில். கோலத்தில் சிக்கு இழுப்பது போல இருந்தது.

சோத்தோ மொழியில் இதை கரெட்சா என்கிறார்கள். லெசோத்தோவின் தேசிய மலர். அப்படி இருந்தும் மலையில் இது குறைந்துகொண்டே வருகிறது. மேய்ச்சல் ஒரு காரணம். இன்னொன்று, மருந்துக்கும் விற்பதற்கும் பிடுங்குவது. சாலையோரத்தில் வைத்து விற்பார்கள். மலையிலிருந்து பிடுங்கின செடி வேறு மண்ணில் பிழைப்பது மிக அரிது. வாங்குகிறவர் வீட்டில் சில மாதம் பச்சையாக இருக்கும், இலையில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துக்கொண்டு. பிறகு போய்விடும். தென்னாப்பிரிக்காவில் அப்படி வாங்குவதே குற்றம்.

குன்னூர்_வீடு · ஏப்ரல் 19

இதைப் படித்ததும் என் செடி எங்கிருந்து வந்தது என்று கவலையாக இருக்கிறது. திசு வளர்ப்பு என்று சொன்னார்கள். நம்பலாமா?

டர்பன்_பொறியாளர் · ஏப்ரல் 20

உள்ளங்கை அளவில், ஒரே சீராக, தழும்பில்லாமல் இருந்தது என்றால் பெரும்பாலும் நர்சரியில் வளர்ந்ததுதான் அக்கா. மலையில் வளர்ந்த செடியில் காய்ந்த பழைய இலைகள் பாவாடை போலச் சுற்றி இருக்கும், ஆடு கடித்த தழும்பு, ஆலங்கட்டி அடித்த வடு இருக்கும்.

சட்டப்படி இது சைட்டிஸ் ஒப்பந்தத்தின், அதாவது அழியும் நிலையில் உள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின், முதல் பின்னிணைப்பில் இருக்கிறது. காட்டுச் செடியை நாடு விட்டு நாடு கொண்டுபோய் வியாபாரம் செய்யவே கூடாது. செயற்கையாக இனப்பெருக்கம் செய்தது என்றால் அதற்குரிய அனுமதித் தாளோடு விற்கலாம். இந்தியாவுக்குள் எந்தச் செடி வந்தாலும் தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். நர்சரியிடம் அந்தத் தாளின் நகலைக் கேளுங்கள். நேர்மையாகக் கொண்டுவந்தவர்கள் காட்டத் தயங்க மாட்டார்கள். விதை என்றாலும் இதே கதைதான், பையில் போட்டு எடுத்து வரலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கோத்தகிரி_கல்கட்டு · ஏப்ரல் 20

திசு வளர்ப்புச் செடியை வாங்குவதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். அது சந்தையில் மலிவாகக் கிடைக்கக் கிடைக்க, மலையில் பிடுங்குவதற்கு வேலை இல்லாமல் போகும்.

ஒரே ஒரு குறை. அதை என் செடி பூத்தபோதுதான் உணர்ந்தேன். போன வருடம் மார்ச்சில், நட்ட ஏழாவது வருடம், முதல் முறை பூத்தது. நடுவிலிருந்து தண்டு வந்து நாலு கிளையாகப் பிரிந்து, ஒன்றரை அடி உயரம், இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பூ. பூத்தால் செத்துவிடும் என்று சிலர் பயமுறுத்தினார்கள். அது அகேவ் என்ற நீலக்கற்றாழை இனத்துக்கு. இது பூத்த பிறகும் நன்றாகவே இருக்கும், மறுபடியும் பூக்கும்.

லெசோத்தோவில் இதற்கு மகரந்தம் சேர்ப்பது மலக்கைட் தேன்சிட்டு. ஆண் பறவை மரகதப் பச்சை, நீண்ட வால். இங்கே நம் ஊர்த் தேன்சிட்டுகள் இரண்டு தினமும் காலையில் வந்தன. பூவையெல்லாம் குடைந்து எடுத்தன. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. தன் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்காது. இன்னொரு செடி வேண்டும், அதுவும் அதே ஆய்வுக்கூடத்து ஒரே தாய்ச்செடியின் நகலாக இருந்தால் உதவாது. இந்தப் பக்கத்தில் வேறு யாரிடம் இருக்கிறது என்று அப்போதிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

நுவரெலியா_தோட்டம் · ஏப்ரல் 21

அண்ணர், என்னுடையது விதையில் வந்தது, ஆனால் இன்னும் பூக்கவில்லை. பூத்தாலும் கடல் தாண்டி மகரந்தம் அனுப்ப ஏலாது. குன்னூர் அக்காதான் உங்களுக்குக் கிட்ட.

குன்னூர்_வீடு · ஜூன் 30

நீண்ட நாள் எழுதவில்லை, மன்னிக்கவும். ஏப்ரல் 18 அன்று தொட்டி மாற்றினேன். வேரில் கால்வாசி கறுத்திருந்தது, வெட்டினேன். சொன்னபடி இரட்டைத் தொட்டி, சாய்த்து நட்டது. காலை வெயில் மட்டும். மே முழுவதும் மூன்று நாளுக்கு ஒரு முறை, தண்ணீர் கீழே ஓடிவரும்வரை ஊற்றினேன். கை நடுங்கித்தான் ஊற்றினேன், பழக்கம் அப்படி.

முதல் ஐந்து வாரம் ஒரு மாற்றமும் இல்லை. காய்ந்த நான்கு இலையும் முழுசாகப் போய்விட்டன. மே 25 வாக்கில் நடு விரிய ஆரம்பித்தது. இப்போது புது இலை மூன்று, படம் இணைத்திருக்கிறேன். நத்தை வருகிறதா என்று இரவு டார்ச் அடித்துப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது, இதுவரை ஏழு பிடித்தேன்.

நர்சரியில் தாள் கேட்டேன். நகல் அனுப்பினார்கள்.

மொட்டைமாடி_சென்னை · ஜூன் 30

படத்தைப் பார்க்கவே நிம்மதியாக இருக்கிறது அக்கா. நான் விக்டோரியா ராணி வாங்கிவிட்டேன், மே வெயிலில் ஒரு இலை கருகவில்லை. சுருள் கற்றாழையை ஊட்டி வரும்போது உங்கள் யாரிடமாவது நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

குன்னூர்_வீடு · அடுத்த ஆண்டு, பிப்ரவரி 9

இந்த இழையில் இருக்கும் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று இன்று காலையிலேயே படம் எடுத்தேன். செடி ஒரு சாணைத் தாண்டிவிட்டது. ஜனவரியில் இரண்டு நாள் புல்லில் பனி உறைந்தது, செடி மேலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை, நுனி கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான்.

மேலிருந்து பாருங்கள். இலை வரிசைகள் நேராக இல்லை. எனக்கு முதலில் கண் ஏமாற்றுகிறதோ என்று தோன்றியது, ஒரு நூலை வைத்துப் பார்த்தேன். ஐந்து வரிசையும் இடது பக்கமாக வளைகின்றன.

டர்பன்_பொறியாளர் · பிப்ரவரி 9

வளைகிறது, சந்தேகமே இல்லை. கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று. வாழ்த்துகள் அக்கா.

கோத்தகிரி_கல்கட்டு · பிப்ரவரி 10

எனக்குக் கண் கலங்கிவிட்டது அம்மா. என்னுடையது வலச்சுற்று. சுற்று வேறு என்பதால் மட்டும் தாய்ச்செடி வேறு என்று சொல்லிவிட முடியாது, அந்தத் தாளில் எந்த ஆய்வுக்கூடம் என்று இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். என்னுடையது வேறு நாட்டிலிருந்து வந்தது, பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

இன்னொன்று. என் செடியில் நேற்று நடுவில் விரல்நுனி அளவு மொட்டுத் தண்டு தெரிகிறது. மார்ச் கடைசியில் விரியும். உங்களுடையது பூக்க இன்னும் நாலைந்து வருடம் ஆகும் என்று நினைக்கிறேன், அவசரமில்லை. ஆனால் தேன்சிட்டு வரும் நேரம் காலை ஏழு, ஏழரை. முதல் பஸ் பிடித்து வந்தால் பார்த்துவிடலாம்.

குன்னூர்_வீடு · பிப்ரவரி 10

கட்டாயம் வருகிறேன் சார். பூ விரிந்ததும் ஒரு வரி எழுதுங்கள். நூலும் எடுத்து வருகிறேன், உங்கள் செடியையும் அளக்க வேண்டும்.